கூசுது என்றார் கலியமூர்த்தி

1. காற்றடிக்கிற மெஷின்

எங்கள் ஐ.சி.சி.யூ.வுக்குப் பலூன் பம்பு வந்து இறங்கிய அன்று நான் அதை முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். இடுப்பு உயரம், அடியில் நாலு சக்கரம், மேலே ஒரு திரை, பின்பக்கம் ஒரு சின்ன ஹீலியம் சிலிண்டர். கம்பெனியிலிருந்து வந்தவர் ஒரு மணி நேரம் இங்கிலீஷில் பாடம் எடுத்துவிட்டு, “எனி டவுட்ஸ், சிஸ்டர்?” என்று கேட்டார். முதல் வரியிலிருந்தே எனக்கு டவுட்தான். எதைக் கேட்பது என்று தெரியாமல், “பிளக் பாயிண்ட் எங்க சார் வேணும்?” என்று கேட்டுவைத்தேன்.

என் பெயர் ஸ்டெல்லா. கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன். 2004இல் இருதயப் பிரிவின் தீவிர சிகிச்சை வார்டுக்கு இன்சார்ஜ் ஆனேன், 2012இல் ஓய்வு பெற்றேன். வீடு சிதம்பரத்தில். தினமும் விடிந்தும் விடியாததுமாகப் பஸ் பிடித்து, ஜன்னலோர சீட்டில் புதுச்சத்திரம் வரை தூங்கி, மீதி தூரம் ஜெபம் செய்துகொண்டு வருவேன். இப்போது இந்த வேலைக்கு வரும் பெண்கள் போனில் என்னென்னவோ கேட்கிறார்கள். பலூன் கேஸ் என்றால் எதைக் கவனிப்பது என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதிவிடுகிறேன்.

பலூன் பம்பு என்ன செய்யும் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பெரிய மாரடைப்பு வந்த இதயம் சில நாள் ரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறும். அப்போது தொடையிடுக்கில் உள்ள ரத்தக்குழாய் வழியாக நீளமான மெல்லிய குழாய் ஒன்றை நெஞ்சுவரை அனுப்புவார்கள். அதன் நுனியில் வெள்ளரிப்பிஞ்சு மாதிரி ஒரு பலூன். இதயம் ஓய்வெடுக்கும் நொடியில் அது உப்பும், இதயம் சுருங்கும் நொடியில் தானும் சுருங்கும். மேட்டில் பாரவண்டி இழுக்கிறவருக்குப் பின்னாலிருந்து ஒருவர் கை கொடுத்துத் தள்ளுவது போலத்தான் இதுவும்.

நோயாளியோடு வந்தவர்களுக்கு அது “காத்தடிக்கிற மெஷின்”. ஒரு பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏம்மா, உள்ளாற காத்தடிச்சிக்கினே இருந்தா வெடிச்சிப் பூடாதா?” என்று கேட்டார். வெடிக்காது ஐயா, அதற்குத்தான் நாங்கள் பக்கத்தில் நிற்கிறோம் என்றேன். அந்தப் பதிலில் எனக்கே முழு நம்பிக்கை இல்லை.

நெஞ்சைப் பற்றித்தான் எல்லோரும் கேட்டார்கள். காலைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. பலூன் போகும் வழியும் காலுக்கு ரத்தம் போகும் வழியும் ஒன்றுதான். மேலே இதயத்தைத் தாங்குகிற குழாய், கீழே காலுக்குப் போகிற பாதையில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். சின்ன உடம்புக்காரர், சர்க்கரை உள்ளவர், பீடி பிடித்துக் குழாய் சுருங்கியவர் என்றால் ரத்தம் போக இடமே மிஞ்சாது.

2. நான் போர்த்திவிட்ட போர்வை

மெஷின் வந்த ஒரு வருடத்துக்குள் சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார்கள். அறுபது வயது, ரொம்ப வருடமாகச் சர்க்கரை, கையில் அள்ளிவிடலாம் போன்ற உடம்பு. பலூன் போட்டு இரண்டாம் நாள், என் டூட்டி முடியும் நேரத்தில், “காலு குளுருதும்மா” என்றார்கள். ஏ.சி. வார்டு. எனக்குப் பாவமாக இருந்தது. லினன் ரூமுக்குப் போய் நல்ல கம்பளிப் போர்வையாகத் தேடி எடுத்துவந்து இரண்டு பாதத்தையும் சுற்றிக் கதகதப்பாக மூடிவிட்டேன். “மவராசியா இரு” என்று என் கன்னத்தைத் தொட்டார்கள். அன்று பஸ்ஸில் சந்தோஷமாகப் போனேன்.

மறுநாள் காலை நான் வந்து போர்வையை விலக்கினேன். வலது பாதம் நீலம் பாரித்துக் கல் மாதிரி கிடந்தது. அயர்ந்து தூங்குகிறார்களே என்று எனக்கு அடுத்து வந்தவர்கள் ஒருவரும் போர்வையைத் தொடவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. குளிருகிறது என்று அந்த அம்மா சொன்னது ஏ.சி.யை அல்ல. ரத்தம் வராத கால் அப்படித்தான் குளிரும். அது எனக்குப் பாடத்தில் தெரியும். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

உயிர் பிழைத்தது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. எங்கள் இருதய டாக்டர் செந்தில்வேலன் என்னைக் கூப்பிட்டு, “சிஸ்டர், அவங்க ரத்தக்குழாய் எல்லாம் ரொம்ப மோசம். நீங்க பாத்திருந்தாலும் இதேதான் ஆகியிருக்கலாம்” என்றார். இருக்கலாம். ஆனாலும் போர்த்தியது நான். டிஸ்சார்ஜ் ஆகிப் போகும்போதுகூட அந்த அம்மா எனக்கு ஆசீர்வாதம்தான் சொன்னார்கள். அதை வாங்கிக்கொண்டு நிற்க முடியாமல் மருந்து ரூமுக்குள் போய் அழுதேன்.

அதற்குப் பிறகு எங்கள் வார்டில் பலூன் போட்ட கால் மூடப்பட்டதே இல்லை. குழாய் உள்ளே போகும் முன்பே பாதத்தில் நாடி துடிக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, பேனாவால் பெருக்கல் குறி போட்டுவிடுவோம். போட்ட பிறகு மணிக்கொரு தரம் அந்தக் குறியின் மேல் விரல் வைத்து நாடி பார்ப்போம். சூடு, நிறம், விரல் அசைவு எல்லாவற்றையும் பார்த்துக் கேஸ் ஷீட்டில் எழுதுவோம். காலை மடக்கவே கூடாது. மடக்கினால் குழாய் மடங்கும், போட்ட இடத்தில் ரத்தம் கசியும். மூன்று நான்கு வருடம் ஒரு கால்கூடப் போகவில்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது. புதிதாக வருகிற பெண்களிடம், “நம்ம வார்டுல கால் போவாது” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

3. மணி அடித்தால் அலாரம்

கலியமூர்த்தி வந்தது 2009இல். அண்ணாகிராமம் பக்கம். நாற்பத்தாறு வயது, குள்ளமான, இறுகிய உடம்பு. பலாமரம் ஏறுகிறவர். பலாப்பழத்தைத் தேங்காய் மாதிரி வெட்டிக் கீழே போட முடியாது, விழுந்தால் சிதறிவிடும். கிளையில் காலை ஊன்றி நின்று, பழத்துக்குக் கயிறு கட்டி, காம்பை வெட்டி, மெல்ல மெல்லக் கீழே இறக்க வேண்டும். “கையில பாதி, கால்ல பாதி வேலம்மா” என்று பின்னால் ஒருநாள் சொன்னார். விடியற்காலையில் மரத்தடியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை வேனில் தூக்கி வந்திருந்தார்கள். அடைப்பை டாக்டர் எடுத்துவிட்டார். ஆனால் இதயம் சோர்ந்துபோயிருந்தது. வலது தொடை வழியாகப் பலூன் போட்டோம். இடது கால் குழாய் பீடியால் ஏற்கெனவே பாதி அடைத்துக் கிடந்தது.

அன்று காலை பத்து மணிக்கு மெஷின் கத்தியது. திரையில் கேத்தீட்டர், அதாவது உள்ளே போட்ட குழாய், மடங்கியிருக்கிறது என்ற எச்சரிக்கை. பார்த்தால் எல்லாம் நேராக இருக்கிறது. கத்துவதும் நின்றுவிட்டது. பதினொரு மணிக்கு மறுபடி. பன்னிரண்டுக்கு மறுபடி. மெஷின் பார்க்கும் இன்ஜினீயர் வந்து முன்னால், பின்னால் எல்லாம் பார்த்துவிட்டு, “மெஷின் பர்ஃபெக்ட்டா இருக்கு சிஸ்டர்” என்றார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, “ஆனா மணி அடிச்சா கரெக்டா கத்துது, ஸ்கூல் பெல் மாதிரி” என்றார்.

ஒரு மணிக்கு நான் சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன். ஜூனியர் சிஸ்டர் ஒருத்தி வந்தாள், பாதத்தில் பேனாக் குறியின் மேல் விரலை வைத்தாள். அடுத்த நொடி கலியமூர்த்தி காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். முழங்கால் மேலே வந்தது. மெஷின் கத்தியது. ட்ரிப்ஸ் ஓடுகிற கையை அவர் சிரமப்பட்டு நீட்டி, அவள் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். காலைக் காப்பாற்றுவதற்காக மணிக்கொரு தரம் நாங்கள் பண்ணிக்கொண்டிருந்த வேலைதான் குழாயை மணிக்கொரு தரம் மடக்கிக்கொண்டிருந்தது. தொடையிடுக்கில் ஒட்டியிருந்த பஞ்சில் ரத்தம் கசியவும் ஆரம்பித்திருந்தது.

நான் பக்கத்தில் போய், “ஏன்யா கால இழுக்கிறீங்க? மடக்கக் கூடாதுன்னு எத்தனவாட்டி சொல்றது?” என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “கூசுதும்மா” என்றார்.

ஜூனியர் களுக்கென்று சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. நாற்பத்தாறு வயது ஆளுக்குப் பாதத்தில் கிச்சுகிச்சு. கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு மணிக்கும் இழுத்தார். மூன்று மணிக்கும் இழுத்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நீளப் பலகை வைத்து, முழங்காலுக்கு மேலும் கீழும் துணி சுற்றி, காலைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டச் சொன்னேன். கேஸ் ஷீட்டில், நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

கட்டிய பிறகு அவர் காலை இழுக்கவில்லை. இழுக்க முடியாது. நான் குறியின் மேல் விரல் வைத்தபோது தொடை முழுக்க இறுகியது, கண்ணை மூடிக்கொண்டார், ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. பிரஷர் ஏறி, நாடி வேகம் எடுத்தது. சோர்ந்துபோன இதயத்துக்கு அது ஆகாது. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். கிச்சுகிச்சுக்கு யாராவது அழுவார்களா என்று எனக்கு அப்போதும் தோன்றவில்லை.

4. அஞ்சலை

பார்வையாளர் நேரத்துக்கு அவர் மனைவி அஞ்சலை உள்ளே வந்தார். ஒல்லியான பெண், முந்திரித் தோப்பு வேலைக்குப் போகிறவர், விரலெல்லாம் முந்திரிப்பால் பட்டுக் கறுத்திருந்தது. புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்துக் கட்டிப்போட்ட காலைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. என்னிடம் வந்து, “ஏம்மா, என்னா தப்பு பண்ணாங்கன்னு கட்டிப் போட்டிருக்கீங்க?” என்றார்.

“தப்பு ஒண்ணும் இல்ல. கால மடக்கறாரு, மடக்கினா ஆபத்து. கால தொட்டா கூசுதாம், இழுத்துக்கறாரு.”

“கூசுதுன்னா சொன்னாங்க?”

“ஆமா. கிச்சுகிச்சு ஜாஸ்தி போல.”

அஞ்சலை என்னையே பார்த்தார். “கிச்சுகிச்சு இல்லம்மா. அவுங்களுக்கு மனசு கூசுது. நீங்க பெரியவங்க, உசுரக் காப்பாத்தறவங்க. நீங்க வந்து அவுங்க கால்ல கைய வச்சா, அவுங்க எப்பிடிம்மா தாங்குவாங்க? எங்க மாமியா முள்ளு எடுக்கறேன்னு கூப்புட்டாக்கூட கால தரமாட்டாங்க. பெத்தவ கையி கால்ல படக் கூடாதும்பாங்க. நொண்டிக்கினே எங்கிட்ட வருவாங்க.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தமிழ் என் தாய்மொழி. கூசுது என்ற வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் உண்டு என்று எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. அவசரமாகச் சாமானைத் தேடுகிறவள் மாதிரி, கைக்குக் கிடைத்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டு ஓடியிருந்தேன். தொடையிடுக்கில் எத்தனை முறை கை வைத்துப் பஞ்சு மாற்றினோம், அதற்கெல்லாம் அந்த மனிதர் மறுக்கவில்லை. பாதத்தைத் தொட்டதைத்தான் அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. நேராகப் போய்க் கட்டை அவிழ்த்தேன். கேஸ் ஷீட்டில் நான் எழுதியிருந்த வரியை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அவிழ்த்தாயிற்று, சரி. நாடியை யார் பார்ப்பது? நாங்கள் யார் தொட்டாலும் அவருக்குக் கூசும். டாப்ளர் என்று ஒரு கருவி உண்டு. பென்சில் மாதிரி முனையைப் பாதத்தில் வைத்தால் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்கும். ஆனால் மருத்துவமனைக்கே அது ஒன்றுதான், பாதி நேரம் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும். யோசித்துப் பார்த்துவிட்டு அஞ்சலையைக் கூப்பிட்டேன். அவருடைய நடு மூன்று விரல்களையும் பிடித்துப் பேனாக் குறியின் மேல் வைத்தேன். “அமுக்காதீங்க. சும்மா வச்சி, பொறுமையா இருங்க.”

கலியமூர்த்தி காலை இழுக்கவில்லை. அப்படியே நீட்டிக் கிடந்தார். கொஞ்ச நேரம் கழித்து அஞ்சலையின் முகம் மாறியது. “அட, துடிக்குது. கோழிக்குஞ்சு நெஞ்சு மாதிரி.”

நான் தியேட்டருக்குப் போய் டாப்ளரைக் கெஞ்சி வாங்கிவந்து சரிபார்த்தேன். சரியாக அந்த இடம்தான். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். “பேஷண்ட் கூட வந்தவங்கள வெச்சா பல்ஸ் பாக்கறது?” என்று இழுத்தார். பிறகு திரையைப் பார்த்தார். அலாரம் அடித்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. “சரி, ஆனா நீங்க பக்கத்துல நின்னு கலரும் மூவ்மெண்ட்டும் பாக்கணும். எழுதறது நீங்க” என்றார். அன்றிலிருந்து மணிக்கொரு தரம் அஞ்சலை செருப்பை வெளியே விட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு வருவார். மூன்று விரலை வைப்பார். நான் எழுதுவேன். ராத்திரிக்கு மட்டும் டாப்ளரை வார்டிலேயே வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினேன்.

5. வந்துட்டாங்க

மறுநாள் மத்தியானம் மூன்று மணி. அஞ்சலை விரலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். “சிஸ்டர், இங்க இல்ல.”

“நல்லா பாருங்க. குறி மேலதான வச்சிருக்கீங்க?”

“அங்கதாம்மா வச்சிருக்கேன். ரெண்டு மணிக்குக் கொஞ்சமா இருந்துச்சி. இப்ப இல்ல.”

கால் விரல்களைப் பார்த்தேன். வெளிறியிருந்தன. நகத்தை அமுக்கி விட்டால் சிவப்பு திரும்பிவரவில்லை. “வலிக்குதாய்யா?” என்று கேட்டேன். “இல்லம்மா” என்றார். அஞ்சலை குனிந்து, “மதமதன்னு கெடக்குதா?” என்று கேட்டார். அவர் மெல்லத் தலையை ஆட்டினார். “சோறு துன்னதுலேர்ந்து அப்பிடித்தான் கெடக்குது.”

“அத ஏன்யா எங்கிட்ட சொல்லல?”

“நீங்க வலிக்குதான்னுதானம்மா கேட்டீங்க. வலி இல்லியே.”

ரத்தம் குறைந்த கால் சில பேருக்கு வலிக்காது, மரத்துப்போகும். அந்த மணி நேரங்களில் நான் எழுதிய பக்கம் பூராவும் வலி இல்லை, வலி இல்லை என்றே இருந்தது. எல்லாம் உண்மைதான். உபயோகம்தான் இல்லை.

டாப்ளரை வைத்தேன். சத்தமே இல்லை. டாக்டருக்குப் போன் அடித்தேன், அடைப்பு எடுக்கிற கேத் லேபிலிருந்து ஏப்ரனோடு வந்தார். பலூனை எடுத்துவிட்டால் கால் பிழைக்கும். ஆனால் அன்று காலையில்தான் மெஷினின் உதவியைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தோம், பிரஷர் சரிந்தது. இதயம் இன்னும் தனியாகச் சமாளிக்கத் தயாராகவில்லை. பலூனை வைத்திருந்தால் கால் போகும். இடது காலில் போடலாம் என்றால் அங்கே வழியில்லை.

டாக்டர் அஞ்சலையிடம் சுற்றிவளைக்காமல் சொன்னார். “அம்மா, இப்ப எடுத்தா நெஞ்சு தாங்குமான்னு தெரியல. விட்டா கால் தாங்காது. நடுவுல ஒரு வழி இருக்கு. குழாய்க்கு மேல ஒரு உறை இருக்கு, ஷீத்னு சொல்வோம், அதுதான் இடத்த அடைக்குது. அத மட்டும் வெளிய இழுத்துட்டு, உள்ள இருக்கிற மெல்லிசு குழாய விட்டுப் பாக்கறேன். ரத்தம் கசியும், அமுக்கிப் பிடிக்கணும். ரத்தம் காலுக்குத் திரும்பலன்னா, குழாயவே எடுத்துடுவேன்.”

அஞ்சலை புருஷனைப் பார்த்தார். கலியமூர்த்தி, “காலு இல்லாம நான் என்னாத்த சார் பண்ணுவேன்?” என்றார். அஞ்சலை அவர் பக்கம் திரும்பி, “நீ இல்லாம நான் என்னா பண்ணுவேன், அத சொல்லு மொதல்ல” என்றார். அதுவரை அவுங்க என்று மரியாதையாகவே பேசிவந்த பெண், அந்த ஒரு தடவை நீ என்றார். பிறகு டாக்டரிடம், “செய்யுங்க சார்” என்று சொன்னார்.

டாக்டர் உறையை அங்குலம் அங்குலமாக வெளியே இழுத்தார். ரத்தம் வந்தது. நான் இரண்டு கையாலும் தொடையிடுக்கை அளவாக அமுக்கிப் பிடித்தேன். ரொம்ப அமுக்கினால் காலுக்குப் போகிற கொஞ்ச ரத்தமும் நின்றுவிடும், விட்டால் பீறிடும். ஜூனியர் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாள். டாக்டரின் கண் திரையை விட்டு அசையவில்லை. டாப்ளரை எடுக்க யாருக்கும் கை ஒழியவில்லை. கால்மாட்டில் அஞ்சலை மட்டும் நின்று, மூன்று விரலைக் குறியின் மேல் வைத்துக் குனிந்திருந்தார். அந்தக் காலைப் பற்றிய செய்தி அவரிடமிருந்து மட்டும்தான் வர முடியும்.

ஐந்து நிமிடம் போனது. “இருக்கா?” என்றேன். “இல்லம்மா.” பத்து நிமிடம். என் கை மரத்துவிட்டது. மனதுக்குள் யேசுவைக் கூப்பிட்டேன். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் சார் என்று சொல்ல வாய் வரவில்லை, கண்ணால்தான் சொன்னேன்.

அப்போது அஞ்சலை நிமிராமலே, மெல்ல, “வந்துட்டாங்க சிஸ்டர்” என்றார்.

டாக்டர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். சொந்தக்காரர்கள் யாரோ உள்ளே வந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். அங்கே ஒருவரும் இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்கு வெளியே புருஷனைப் பெயர் சொல்லாமல், அவுங்க என்றே சொல்லிப் பழகிய வாய். விரலுக்கடியில் துடித்ததும் அவருக்கு அவுங்கதான். எனக்குக் கண் நிறைந்து அமுக்கிப் பிடித்திருந்த இடமே தெரியவில்லை. ஜூனியர் வந்து என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

கால் விரல்களில் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் ஏறியது. டாப்ளரை வைத்தபோது உஸ் உஸ் என்று சத்தம் கேட்டது. அதற்கு அப்புறமும் இரண்டு நாள் பலூன் ஓடியது. மூன்றாம் நாள் இதயம் துணையில்லாமல் தானே ரத்தத்தைத் தள்ள ஆரம்பித்தது, குழாயை எடுத்தோம்.

6. இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு

கலியமூர்த்திக்குப் பிறகு எங்கள் வார்டில் சில விஷயங்கள் மாறின. சின்ன உடம்புக்காரர்களுக்கு முடிந்தவரை உறையே இல்லாமல் மெல்லிய குழாயை மட்டும் போட ஆரம்பித்தார் டாக்டர். வலிக்கிறதா என்று மட்டும் கேட்பதை விட்டோம். குளிருகிறதா, மதமதப்பாக இருக்கிறதா, விரல் இருப்பது தெரிகிறதா என்று அவர்கள் பாஷையில் கேட்டோம். பலூன் போடும் முன்பே, உங்கள் காலை மணிக்கொரு தரம் தொடுவோம், உங்களுக்குச் சம்மதமா, யார் தொட்டால் சங்கடமில்லை என்று விசாரித்தோம். அப்படிக் கேட்டாலே பாதிப் பேர், “தொடுங்கம்மா, பரவால்ல” என்றுவிடுவார்கள். தொடுவதற்கு முன் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் எதிர்பார்த்தது. மீதிப் பேருக்கு வீட்டு ஆள் ஒருவருக்கு நாடி பார்க்கக் காட்டிக்கொடுத்தோம். ஒத்துழைக்கவில்லை என்று எழுத உங்கள் பேனா எழும்போது, ஒரு நிமிடம் நிறுத்தி, ஏன் என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொல்லும் பதிலுக்கு இன்னோர் அர்த்தம் இருக்குமா என்றும் யோசியுங்கள். எனக்கு அது தெரிய இத்தனை வருட சர்வீஸ் ஆயிற்று.

மூன்று மாதம் கழித்து இருவரும் ஓ.பி.க்கு வந்தார்கள். வரிசையில் நின்றவர்களைத் தாண்டிக் கலியமூர்த்தி நடந்து வருவதைப் பார்த்தேன். கொஞ்சம்கூட நொண்டாமல் நடந்தார். மரம் மட்டும் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், இதயம் அவ்வளவுக்குத் தாங்காது. அவருக்கு அதில் வருத்தம்தான். “கீழ நின்னு தட்டிப் பாத்து எது முத்துனது, எது பிஞ்சின்னு சொல்லிட்டிருக்கேம்மா. வெட்டறது மச்சான் பாத்துக்கறான்” என்றார்.

அஞ்சலை என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “தெனமும் பாக்கறேன் சிஸ்டர்” என்றார்.

“எத?”

“கால்ல நாடியத்தான். காலைல எழுந்ததும், அடுப்ப மூட்டறதுக்கு முந்தி மூணு வெரல வச்சிப் பாத்துட்டுதான் மத்த வேல. அவுங்க சிரிக்கறாங்க. பாத்தாத்தான் எனக்கு அன்னிக்கி வேல ஓடுது.”

குழாயை எடுத்தாயிற்று, புண்ணும் ஆறிவிட்டது, இனி அந்த நாடியைப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வேறு ஒன்று வந்தது.

“ஒரு கால மட்டும் பாக்காதீங்க அஞ்சல. ரெண்டுலயும் பாருங்க. அப்பதான் வித்தியாசம் தெரியும்.”

“சரிம்மா” என்று சொல்லிவிட்டு, அதை மறக்காமல் இருக்க வேண்டுமே என்று தனக்குத்தானே ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.